நாம் உள்ளிழுக்கும் ஒட்சிசன் எங்கே போகிறது?

கொழும்பில் பல வீடுகளில் காலைச் சாப்பாடு பாணும் பருப்பும் சம்பலுமாகவோ இடியப்பமும் சொதியுமாகவோ முடிந்துவிடுகிறது. அந்தப் பாணில் உள்ள மாப்பொருள் வாயிலும் சிறுகுடலிலும் நொதியங்களால் உடைக்கப்பட்டு, குளுக்கோசாகிக் குருதியில் கலந்து, உடலின் எல்லாப் பகுதிகளுக்கும் சென்று சேர்கிறது. இதுவரை நடப்பது சமிபாடு. சமிபாட்டின்போது உடலுக்குப் பயன்படக்கூடிய சக்தி எதுவும் கிடைப்பதில்லை. பெரிய மூலக்கூறுகள் கலங்களுக்குள் நுழையக்கூடிய சிறிய மூலக்கூறுகளாகின்றன, அவ்வளவுதான். சக்தியை வெளியே எடுக்கும் வேலை உடலின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் தனித்தனியாக நடைபெறுகிறது. அந்த வேலையே கலச்சுவாசம்.

சாதாரண தர மாணவர் எவரைக் கேட்டாலும் இதற்கான சமன்பாட்டைச் சொல்லிவிடுவார்: குளுக்கோசும் ஒட்சிசனும் சேர்ந்து காபனீரொட்சைட்டும் நீரும் சக்தியும் உண்டாகின்றன. சமன்பாடு சரியானதுதான். ஆனால் அது தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் காட்டி நடுவில் நிகழ்வதை மறைத்துவிடுவதால், மூச்சோடு உள்ளே போன ஒட்சிசன் குளுக்கோசின் காபனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாக வெளியே வருகிறது என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. உண்மையில் அப்படி நடப்பதில்லை. நாம் உள்ளிழுக்கும் ஒட்சிசன் குளுக்கோசைத் தொடுவதே இல்லை. அது நீராக மாறுகிறது. இந்த ஒரு செய்தியை விளங்கிக்கொண்டால் கலச்சுவாசத்தின் மற்றப் பகுதிகள் எல்லாம் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும் என்பதால், அதனையே இந்தக் கட்டுரையின் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன்.

மூச்சுக்கும் எரிதலுக்கும் உறவு உண்டு என்பதை முதலில் அளந்து காட்டியவர்கள் பிரெஞ்சு அறிஞர்களான அந்துவான் லவாசியேயும் பியர் சைமன் லப்பிளாசும் ஆவர். 1780களின் தொடக்கத்தில் அவர்கள் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தினுள் வைத்து, அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகுகிறது என்பதை அளந்தார்கள். அந்த விலங்கு வெளிவிடும் அதே அளவு காபனீரொட்சைட்டைத் தரக்கூடிய கரியை எரித்தால் எவ்வளவு உருகும் என்பதோடு அதை ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய நெருங்கி வந்தன. உயிருள்ள உடலில் நடப்பதும் மெதுவான ஓர் எரிதலே என்ற அவர்களுடைய முடிவு பெரிய முன்னேற்றம். ஆயினும் அந்த எரிதல் நுரையீரலில் நடப்பதாகவே லவாசியே கருதினார். ஒட்சிசன் உண்மையில் செலவாகும் இடம் இழையங்களின் கலங்களே என்பதை எடுவார்ட் புளூகர் போன்ற உடற்றொழிலியலாளர்கள் உறுதிப்படுத்த 1870கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நுரையீரலும் குருதியும் ஒட்சிசனைக் கொண்டுசேர்ப்பவை, காபனீரொட்சைட்டை அகற்றுபவை. சக்தி வெளிப்படுவதில் அவற்றுக்கு நேரடிப் பங்கு இல்லை.

180 கிராம் குளுக்கோசை நெருப்பில் முழுதாக எரித்தால் ஏறத்தாழ 2,800 கிலோயூல் சக்தி வெளிப்படும். ஒரே வீச்சில் வெப்பமாகவும் ஒளியாகவும் போய்விடும் அந்தச் சக்தியால் கலத்துக்குப் பயனில்லை. வெப்பத்தைக் கொண்டு வேலை செய்விக்க வேண்டுமானால் சூடான பகுதி ஒன்றும் குளிரான பகுதி ஒன்றும் வேண்டும். ஒரு கலத்துக்குள் எங்கும் ஒரே வெப்பநிலைதான் நிலவுகிறது. ஆகவே கலம் சக்தியை இரசாயன வடிவிலேயே பிடித்து வைத்தாக வேண்டும். அதற்கு உதவும் மூலக்கூறு அடினோசின் முப்பொசுபேற்று, சுருக்கமாக ஏ.ரீ.பீ. மூன்று பொசுபேற்றுக் கூட்டங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகக் கோக்கப்பட்ட இந்த மூலக்கூறிலிருந்து கடைசிக் கூட்டம் நீரின் உதவியோடு பிரியும்போது, ஒரு மூலுக்கு ஏறத்தாழ 30 கிலோயூல் சக்தி கிடைக்கிறது. பிணைப்பு உடைவதால் சக்தி வெளிவருகிறது என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். எந்தப் பிணைப்பை உடைப்பதற்கும் சக்தி செலவாகத்தான் செய்யும். பிரிந்தபின் உருவாகும் பொருட்கள் முன்பிருந்ததைவிட உறுதியானவையாக இருப்பதனாலேயே மொத்தக் கணக்கில் சக்தி மிஞ்சுகிறது.

தசை சுருங்குவதும், நரம்பில் கணத்தாக்கம் செல்வதும், புதிய புரதம் கட்டப்படுவதும் ஏ.ரீ.பீ. செலவில்தான். வளர்ந்த ஒருவருடைய உடலில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏ.ரீ.பீ.யின் அளவு கால் கிலோவுக்கும் குறைவு. ஒரு நாளில் செலவாகும் அளவோ ஏறக்குறைய அவருடைய உடல் நிறையை எட்டுகிறது. ஒரே மூலக்கூறு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவைகள் உடைந்து, மீண்டும் கட்டப்பட்டால் மட்டுமே இது முடியும். இந்த மீள்கட்டுமானத்துக்குச் சக்தி கொடுப்பதுதான் கலச்சுவாசத்தின் பணி.

முதற்கட்டம் கிளைக்கோப்பகுப்பு. இது கலத்தின் குழியவுருவில் பத்துப் படிகளில் நடக்கிறது. ஒவ்வொரு படிக்கும் தனி நொதியம் உண்டு. ஆறு காபன் அணுக்களைக் கொண்ட குளுக்கோசு, மூன்று காபன் அணுக்களைக் கொண்ட இரண்டு பைருவேற்று மூலக்கூறுகளாகப் பிளக்கப்படுகிறது. தொடக்கப் படிகளில் இரண்டு ஏ.ரீ.பீ. செலவாகி, பின்வரும் படிகளில் நான்கு உருவாவதால் நிகர இலாபம் இரண்டு. இங்கே ஒட்சிசனுக்கு வேலையே இல்லை. ஆனால் பின்னால் பெரிதாகப் பயன்படப்போகும் ஒன்று இங்கேதான் தொடங்குகிறது: குளுக்கோசிலிருந்து சில ஐதரசன் அணுக்கள், அதாவது இலத்திரன்களும் புரோத்தன்களும், பிரித்தெடுக்கப்பட்டு, என்.ஏ.டி. எனப்படும் காவி மூலக்கூறிடம் ஒப்படைக்கப்படுகின்றன. நாம் உணவில் பெறும் பி வகை விற்றமின்களுள் ஒன்றான நியாசினிலிருந்து உடல் இந்தக் காவியை ஆக்கிக்கொள்கிறது. உணவின் சக்தியில் பெரும்பகுதி இந்த இலத்திரன்களோடுதான் பயணம் செய்கிறது. ஆகவே இனிமேல் நாம் பின்தொடர வேண்டியது காபனை அல்ல, இலத்திரனை.

என்.ஏ.டி. கலத்தில் சிறிதளவே உள்ளது. இலத்திரன்களைப் பெற்றுக்கொண்டவை அவற்றை எங்காவது இறக்கிவிட்டுத் திரும்பாவிட்டால், சில கணங்களில் கிளைக்கோப்பகுப்பும் நின்றுபோகும். ஒட்சிசன் போதாத நிலையில் இதற்குக் கலம் கண்ட வழியே நொதித்தல். அப்ப மாவில் கள்ளோ மதுவமோ சேர்த்து இரவு முழுவதும் வைக்கும்போது, மதுவக் கலங்கள் பைருவேற்றிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரித்துவிட்டு, மிஞ்சியதன்மேல் அந்த இலத்திரன்களை ஏற்றி எதனோல் ஆக்குகின்றன; மாவு பொங்குவது அந்தக் காபனீரொட்சைட்டால். நம் தசைக் கலங்கள் பைருவேற்றின் மீதே இலத்திரன்களை ஏற்றி இலற்றேற்று ஆக்குகின்றன. புறப்பட்டுவிட்ட ரயிலைப் பிடிக்க வெள்ளவத்தை மேடையில் முழு வேகத்தில் ஓடுபவரின் கால் தசைகளில் இதுவே நடக்கிறது. அடுத்த நாள் வரும் தசைவலிக்கு இலற்றேற்றுத் தேங்கியிருப்பதே காரணம் என்று இன்றும் பலர் சொல்வதுண்டு, அது சரியன்று. ஒரு மணி நேரம் அளவிலேயே அதன் பெரும்பகுதி குருதியிலிருந்து நீங்கிவிடுகிறது. ஈரல் அதை மீண்டும் குளுக்கோசாக்குகிறது, இதயத் தசை அதை நேரடியாகவே எரிபொருளாக்குகிறது. நம் உடலில் எப்போதும் கிளைக்கோப்பகுப்பை மட்டுமே நம்பி வாழும் கலங்களும் உண்டு. அவை செங்குருதிக் கலங்கள். உடல் முழுவதற்கும் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் அவை, ஒட்சிசனைப் பயன்படுத்தும் கலவுறுப்புகளான இழைமணிகள் இல்லாத காரணத்தால், தம்முடைய தேவைக்கு அதில் ஒரு துளியையும் பயன்படுத்துவதில்லை.

ஒட்சிசன் போதிய அளவு கிடைக்கும் மற்றக் கலங்களில் பைருவேற்று இழைமணிக்குள் செல்கிறது. அங்கே அது ஒரு காபனை காபனீரொட்சைட்டாக இழந்து, மேலும் இரண்டு இலத்திரன்களைக் காவியிடம் கொடுத்து, இரண்டு காபன் கொண்ட அசற்றைல் கூட்டமாகிறது. இந்தப் படியைச் செய்யும் நொதியத் தொகுதிக்குத் தயமின், அதாவது விற்றமின் பி1, துணையாக இருந்தே ஆக வேண்டும். அரிசியை நன்றாகத் தீட்டினால் தவிட்டோடு தயமினும் போய்விடுகிறது. 1890களில் பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தாவில்) பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறித்தியான் ஐக்மன், தீட்டிய அரிசியையே தின்ற கோழிகள் கால் முடங்கிப் போவதையும், தீட்டாத அரிசியைக் கொடுத்ததும் தேறுவதையும் கண்டார். பெரிபெரி நோயின் காரணத்தைத் தேடும் பாதை அங்கிருந்து திறந்தது, 1929இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. தயமின் இல்லாத உடலில் குளுக்கோசு நிறைய இருந்தும், பைருவேற்றுக்கு மேல் பாதை அடைபட்டுவிடுவதால், குளுக்கோசையே பெரிதும் நம்பும் நரம்புகளும் ஓயாமல் உழைக்கும் இதயமும் முதலில் தளர்கின்றன. புழுங்கலரிசி இந்த வகையில் மேலானது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தயமினில் ஒரு பகுதி மணியின் உட்புறத்துக்குச் சென்றுவிடுவதால், பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை.

அசற்றைல் கூட்டம் அடுத்து கிரெப்ஸ் வட்டத்தில் நுழைகிறது. ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் இங்கிலாந்தின் செபீல்ட் பல்கலைக்கழகத்தில் புறாவின் மார்புத் தசையைக் கூழாக்கிச் செய்த பரிசோதனைகளின் மூலம் இவ்வட்டத்தைக் கண்டறிந்தார். இரண்டு காபன் கூட்டம் நான்கு காபன் மூலக்கூறு ஒன்றோடு சேர்ந்து ஆறு காபன் கொண்ட சித்திரேற்று ஆகிறது. தேசிக்காய்க்குப் புளிப்பைத் தரும் அதே சித்திரிக்கமிலந்தான் இது. சுற்றின் போக்கில் இரண்டு காபன்கள் காபனீரொட்சைட்டாக நீங்க, தொடங்கிய நான்கு காபன் மூலக்கூறு மீண்டும் கிடைக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஏ.ரீ.பீ. உருவாகிறது, மேலும் பல இலத்திரன்கள் காவிகளில் ஏறுகின்றன. ஒரு குளுக்கோசுக்கு இந்தச் சுற்று இருமுறை நடக்கும்.

இங்கே சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டும். குளுக்கோசின் ஆறு காபன் அணுக்களும் இப்போது காபனீரொட்சைட்டாகிவிட்டன. நாம் வெளிவிடும் மூச்சில் அவை போய்விடும். அவற்றோடு சேர்ந்திருக்கும் ஒட்சிசன் அணுக்கள் குளுக்கோசில் முன்பே இருந்தவையும், வழியில் சேர்க்கப்பட்ட நீரிலிருந்து வந்தவையுமே. உள்ளிழுத்த ஒட்சிசனின் ஓர் அணுகூட அவற்றில் இல்லை. நேரடியாகக் கிடைத்த ஏ.ரீ.பீ.யோ இதுவரை நான்கு மட்டுந்தான். குளுக்கோசு முற்றாக உடைந்து போயிற்று, ஆனால் சக்தி இன்னும் கைக்கு வரவில்லை. அது என்.ஏ.டி. காவிகள் பத்திலும், எஃப்.ஏ.டி. என்னும் வேறொரு காவி இரண்டிலும், இலத்திரன்களாக ஏறி நிற்கிறது.

இழைமணிக்கு இரண்டு மென்சவ்வுகள் உள்ளன. உட்புற மென்சவ்வு பல மடிப்புகளாக மடிந்து, மிகப் பெரிய பரப்பைச் சிறிய இடத்துக்குள் அடக்கியிருக்கிறது. அந்த மென்சவ்வில் பதிந்துள்ள புரதத் தொகுதிகளே இலத்திரன் கடத்தற் சங்கிலி. காவிகள் தம் இலத்திரன்களை முதல் தொகுதிகளில் இறக்கிவிட்டு வெறுமையாகித் திரும்புகின்றன. இறங்கிய இலத்திரன்கள் இரும்பு, செம்பு அணுக்களைக் கொண்ட புரதங்கள் வழியாக, ஒவ்வொன்றிலும் சிறிதளவு சக்தியை இழந்தபடி, இலத்திரனை மேலும் மேலும் வலிமையாகக் கவரும் இடங்களை நோக்கி நகர்கின்றன. இழக்கப்படும் அந்தச் சக்தியைக் கொண்டு இப்புரதங்கள் புரோத்தன்களை உட்புறத்திலிருந்து இரு மென்சவ்வுகளுக்கும் இடையிலுள்ள வெளிக்குத் தள்ளுகின்றன. சங்கிலியின் கடைசியில் காத்திருப்பதுதான் நாம் உள்ளிழுத்த ஒட்சிசன். நான்கு இலத்திரன்களையும் நான்கு புரோத்தன்களையும் ஏற்று, ஒரு ஒட்சிசன் மூலக்கூறு இரண்டு நீர் மூலக்கூறுகளாகிறது. ஒட்சிசனுடைய வேலை இதுமட்டுமே. ஆனால் அது இல்லாவிட்டால் கடைசிப் புரதம் தன் இலத்திரனைக் கொடுக்க இடமின்றி நிற்கும், அதற்கு முந்தியதும் நிற்கும், காவிகள் வெறுமையாகா, கிரெப்ஸ் வட்டமும் நின்றுபோகும். கடைசியில் நிற்கும் ஒன்று இல்லாததால் முதலிலிருந்து எல்லாம் நின்றுபோவது என்பதே மூச்சு நின்ற சில நிமிடங்களில் மூளை சேதமடைவதற்கான காரணம்.

புரோத்தன்களை ஒரு பக்கம் சேர்ப்பதால் ஏ.ரீ.பீ. எப்படி உருவாகும்? இதற்கு விடை தந்தவர் பிரித்தானிய உயிர் இரசாயனவியலாளர் பீற்றர் மிச்சல். 1961இல் அவர் தம் கருத்தை வெளியிட்டபோது பெரும்பாலானோர் ஏற்கவில்லை. இலத்திரன் கடத்தலுக்கும் ஏ.ரீ.பீ.க்கும் இடையில் ஏதோ ஒரு சக்திமிக்க இரசாயனப் பொருள் இருக்க வேண்டும் என்று பலர் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு பொருள் கிடைக்கவேயில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இல்லை. மலைநாட்டில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் அணையால் தடுக்கப்பட்ட நீர், குழாய்கள் வழியே கீழிறங்கி லக்சபான மின்நிலையங்களின் சுழலிகளைச் சுழற்றிவிட்டு, பிறகு களனி கங்கையாகக் கொழும்பில் கடலைச் சேர்வதை நாம் அறிவோம். அங்கே நீரின் உயர வேறுபாடு செய்கிற வேலையை இழைமணியில் புரோத்தன்களின் செறிவு வேறுபாடும் மின்னழுத்த வேறுபாடும் செய்கின்றன. அந்த மின்னழுத்தம் ஏறத்தாழ 150 மில்லிவோல்ற்று அளவினது. உள்ளே திரும்பிவரப் புரோத்தன்களுக்குத் திறந்திருக்கும் முக்கிய வழி ஏ.ரீ.பீ. தொகுப்பி என்னும் புரதம். புரோத்தன்கள் அதனூடாகப் பாயும்போது அப்புரதத்தின் ஒரு பகுதி உண்மையாகவே சுழல்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏ.ரீ.பீ. உருவாகின்றன. மிச்சலுக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. சுழற்சி முறையை விளக்கிய போல் போயருக்கும் அப்புரதத்தின் அமைப்பைக் காட்டிய ஜோன் வோக்கருக்கும் 1997இல் அதே பரிசில் பங்கு கிடைத்தது. அதே ஆண்டில் யப்பானிய ஆய்வாளர்கள் இப்புரதத்தின் அச்சில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, ஏ.ரீ.பீ.யைக் கொடுத்து அதை எதிர்த்திசையில் இயக்கியபோது, இழை சுழல்வதை நுணுக்குக்காட்டியில் நேரடியாகக் கண்டார்கள். உயிரியலில் இதைவிட என்னை வியக்க வைத்த செய்தி வேறில்லை.

எல்லாம் சேர்ந்து ஒரு குளுக்கோசு மூலக்கூறுக்கு 30 அல்லது 32 ஏ.ரீ.பீ. கிடைப்பதாக இன்று கணக்கிடப்படுகிறது. பழைய நூல்களில் 36, 38 என்ற எண்களைக் காணலாம். புரோத்தன்கள் கசிவதையும், ஏ.ரீ.பீ.யை இழைமணிக்கு வெளியே அனுப்ப ஆகும் செலவையும் அவை சேர்த்துக்கொள்ளவில்லை. நியமக் கணக்கின்படி குளுக்கோசின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஏ.ரீ.பீ.யில் சேர்கிறது, கலத்தின் உண்மையான செறிவுகளைக் கொண்டு கணித்தால் இது இன்னும் கூடும். மிச்சம் வெப்பம். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் ஒருவரின் உடல் ஏறத்தாழ 80 வாற்று வீதத்தில் வெப்பத்தை வெளிவிடுகிறது. மழைக்கு யன்னல்களைச் சாத்திக்கொண்டு காலி வீதியில் ஊர்ந்து செல்லும் பஸ்ஸினுள் புழுக்கம் ஏறுவதில், அதிலுள்ள ஒவ்வொருவருடைய இழைமணிகளுக்கும் பங்குண்டு.

மிச்சல் சொன்னது சரி என்பதை வேறொரு வழியிலும் காணலாம். மென்சவ்வின் ஊடாகப் புரோத்தன்களைக் கசியவிடும் பொருள் ஒன்றைக் கொடுத்தால் இலத்திரன்கள் ஓடும், ஒட்சிசன் செலவாகும், ஆனால் ஏ.ரீ.பீ. உருவாகாது, சக்தி முழுவதும் வெப்பமாகும். பிறந்த குழந்தையின் கழுத்துப் பகுதியிலும் தோள்களுக்கு இடையிலும் உள்ள கபிலநிறக் கொழுப்பில் இயற்கையே இதற்கென ஒரு புரதத்தை வைத்து, குழந்தையைச் சூடாக வைத்திருக்கிறது. இதே வேலையைச் செய்யும் இருநைத்திரோபீனோல் என்ற இரசாயனப் பொருள் 1930களில் அமெரிக்காவில் உடல் மெலிவதற்கான மருந்தாகக் கொடுக்கப்பட்டது. கட்டுப்படுத்த முடியாத உடல் வெப்பத்தால் உயிரிழப்புகள் நேர்ந்ததால் 1938இல் அது மனிதப் பாவனைக்கு உகந்ததல்ல என அறிவிக்கப்பட்டது. இணையத்தில் இன்றும் மெலிவு மருந்தாக இது மறைவில் விற்கப்படுவதை அறிந்துதான் இதை இங்கே எழுதுகிறேன். இதன் அளவு மிஞ்சினால் அதை முறிக்கும் மருந்து கிடையாது.

சயனைட்டு வேறு இடத்தில் தாக்குகிறது. சங்கிலியின் கடைசிப் புரதத்தில், ஒட்சிசன் வந்து சேர வேண்டிய இடத்திலேயே அது பற்றிக்கொள்கிறது. அதனால் பாதிக்கப்பட்டவரின் நாளக் குருதிகூட ஒட்சிசன் நிறைந்து செந்நிறமாகவே இருக்கும். கலங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்த இயலாது. மரவள்ளிக்கிழங்கில் சயனைட்டை விடுவிக்கும் சேர்வை இயற்கையாகவே உள்ளது. தோலை நன்றாக நீக்கி, நீரில் ஊறவைத்து, சட்டியை மூடாமல் அவிக்க வேண்டும் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வதற்கு முழு நியாயம் உண்டு: விடுபடும் ஐதரசன் சயனைட்டு ஏறத்தாழ 26 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகிவிடும், மூடி இல்லாவிட்டால் அது வெளியேறும்.

குளுக்கோசைப் பற்றியே பேசி வந்தாலும் கொழுப்பும் புரதமும் இதே பாதையில்தான் சேர்கின்றன. கொழுப்பமிலங்கள் இரண்டிரண்டு காபன்களாக வெட்டப்பட்டு அசற்றைல் கூட்டங்களாகி, கிரெப்ஸ் வட்டத்தில் நுழைகின்றன. அவற்றில் ஐதரசன் அதிகம், ஒட்சிசன் குறைவு. அதனால் ஒரு கிராமுக்குக் கிடைக்கும் சக்தி காபோவைதரேற்றில் கிடைப்பதைப் போல இருமடங்குக்கும் மேல். காலி முகத்திடலில் மாலையில் நடந்து எடை குறைப்பவரின் கொழுப்பு எங்கே போகிறது என்ற கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. அது வியர்வையாக உருகிப் போவதில்லை, தசையாகவும் மாறுவதில்லை. எரிந்த கொழுப்பின் நிறையில் ஆறில் ஐந்து பங்குக்குச் சற்று அதிகமான பகுதி காபனீரொட்சைட்டாக மூச்சின் வழியே போகிறது; மீதி நீராகிறது.

தாவரங்களும் இரவு பகலென்று பாராமல் சுவாசிக்கின்றன. இதை வீட்டிலேயே காணலாம். பாசிப்பயற்றை ஓர் இரவு ஊறவைத்து முளைகட்டி, கிருமிநாசினி கலந்த நீரில் அலசி, வெந்நீர் பிளாஸ்க் ஒன்றில் முக்கால் பங்குக்கு நிரப்பி, வாயில் பஞ்சைச் சொருகி அதனூடாக வெப்பமானியைச் செலுத்துங்கள். வேறொரு பிளாஸ்க்கில் அவித்து ஆறவைத்த பயற்றையும் அவ்வாறே அலசி வையுங்கள். இரண்டு நாட்களுக்குக் காலையிலும் மாலையிலும் இரு வெப்பமானிகளையும் வாசித்துக் குறித்தால், முளைப்பயறு உள்ள பிளாஸ்க் சில பாகை சூடேறியிருப்பதையும், அவித்த பயறு அறை வெப்பநிலையிலேயே நிற்பதையும் பார்ப்பீர்கள். அவித்த பயற்றைக் கிருமிநாசினியில் அலசாமல் விட்டால் அந்த பிளாஸ்க்கும் சூடேறத் தொடங்கும். அப்போது சுவாசிப்பது பயறல்ல, அதன்மேல் பெருகிவிட்ட பற்றீரியாக்கள்.